மாடசாமியின் வலது கை

1963 மார்ச் 4, திங்கள்

வெயில் மண்டையைப் பிளக்கிறது. ஆஸ்பத்திரியில் கட்டில் எல்லாம் நிறைந்து கிடக்கிறது. பாதிப் பேருக்கு வியாதி கிடையாது, வீட்டில் சோறு போட ஆள் கிடையாது. அவ்வளவுதான். மத்தியானம் ரெண்டு பேரை விரட்டினேன்.

தபாலில் மெட்ராஸ் வைத்தியப் பத்திரிகையின் ஆசிரியர் பதில். என் கட்டுரையைப் போடுகிறார்களாம்! நின்றுகொண்டே படித்தேன், பிறகு உட்கார்ந்து படித்தேன். இத்தனை வருஷம் தென்காசியில் சிரங்குக்கும் பேதிக்கும் மருந்து கொடுத்தே கிழவனாகி விட்டேன். இனி என் பெயர் அச்சில். நாராயணன் மூஞ்சி எப்படிப் போகும் என்று நினைத்துப் பார்த்தேன். சந்தோஷமாக இருந்தது. என்னோடு படித்தவன், என்னிடம் காப்பியடித்துப் பாஸானவன், மதுரை மெடிக்கல் காலேஜில் கௌரவ ஆசிரியர். வாரம் ஒரு நாள் கோட்டுப் போட்டுக்கொண்டு பாடம் எடுக்கிறான். அந்த மாதிரி ஒரு பதவி எனக்கும் வேண்டும். அதற்குத்தான் இந்தக் கட்டுரை, வேறெதற்கும் இல்லை.

விஷயம்: குற்றாலத்தில் எண்ணெய் தேய்க்கிறவர்களுக்குக் கையில் வரும் வெடிப்புப் புண். நான் பார்த்தவரை யாரும் இதை எழுதவில்லை. நோயாளி ஒரே ஆள். அருவிக்கரையில் எண்ணெய் தேய்க்கிற மாடசாமி. வலது கையில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் இல்லை, சின்ன வயதில் செக்கில் மாட்டிப் போனவை. போன வருஷக் கடைசியில் புதுக் களிம்பு ஒன்று போட்டேன். புண் அடங்கியது. களிம்பு போடுவதற்கு முன் அந்தக் கையை ஒரு படம், போட்ட பின் ஒரு படம். ஸ்டூடியோக்காரன் நன்றாகவே எடுத்திருக்கிறான்.

ஆசிரியர் மூன்று விஷயம் கேட்கிறார். பதிலில் கையெழுத்து வேண்டுமாம்.

படம் போட நோயாளி சம்மதித்தானா?
களிம்பு யார் கொடுத்தது, கம்பெனியிடமிருந்து எனக்கு ஏதும் வந்ததா?
நோயாளி இப்போது எப்படி இருக்கிறான்?

பெண் பார்க்க வந்தவன்கூட இவ்வளவு கேட்க மாட்டான்.

மார்ச் 5, செவ்வாய்

கத்தரிக்காய்க் கூட்டில் உப்பு இல்லை. சாப்பிடும்போது கோமதியிடம் ஆசிரியர் கேட்டதைச் சொன்னேன். பெண்டாட்டியிடம் எதைச் சொல்ல வேண்டும் எதைச் சொல்லக் கூடாது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

“அவன் கைதான. அவன்ட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு எழுதினா என்னங்க?”

“கேட்டா ‘எதுக்குய்யா’ம்பான். சொன்னா ‘எனக்கு என்ன தருவீங்க’ம்பான். இவனுகள எல்லாம் கேக்கப் பழக்கக் கூடாது.”

“வேண்டாம்னு சொல்லிட்டாம்னா?”

“முகத்தையா போடுதேன்? கைதானட்டி. கையப் பாத்து எவனுக்கு ஆளத் தெரியும்?”

கோமதி மோர் ஊற்றினாள். மோரில் உப்பு ஜாஸ்தி.

உண்மையில் அதுதானே? முகமாக இருந்தால் கண்ணில் கறுப்புப் பட்டை ஒட்டுவார்கள். கைக்கு எங்கே ஒட்ட? இதைப் படிக்கப் போகிறவர்கள் மெட்ராஸ் டாக்டர்கள். மாடசாமிக்குத் தமிழே எழுத்துக் கூட்ட வராது.

மார்ச் 6, புதன்

பதில் எழுதி முடித்தேன்.

ஒன்று, சம்மதித்தான்.

இரண்டு, களிம்பைக் கடையில் வாங்கினேன், கம்பெனியிடமிருந்து எதுவும் பெறவில்லை. இதை எழுதும்போது மேஜை மேல் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. கம்பெனி ஆள் களிம்புப் பெட்டியோடு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போன ஃபேன். மை சீக்கிரம் காய்ந்துவிட்டது, ஒற்றுத்தாள் தேவைப்படவில்லை.

மூன்றாவதுதான் கொஞ்சம் இடக்கு. களிம்பு போட்டுப் புண் அடங்கியதும் படம் எடுத்தோம், அது நிஜம். அப்புறம் தையில் வந்தான், உள்ளங்கை முழுக்க வெடித்து ரத்தம். களிம்புதான் காரணம், எனக்குத் தெரியும். நிறுத்தச் சொல்லித் தேங்காய் எண்ணெய் போடச் சொன்னேன். மாசியில் எல்லாம் ஆறி, கை பளிச்சென்று ஆகிவிட்டது. இந்தக் கதையை எழுதினால் கட்டுரை குப்பைக்கூடைக்குப் போகும். ஆகவே “நோயாளி தற்போது பூரண நலம்” என்று எழுதினேன். அதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. எனக்கே என் மூளையை மெச்சத் தோன்றியது.

கட்டுரையின் கடைசியில் “தொடுவதால் பிறருக்குப் பரவக்கூடும்” என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன். பரவும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. வெறும் எண்ணெய்ப் புண் என்றால் எவன் படிப்பான்? பரவும் என்றால் நிமிர்ந்து உட்காருவான். நல்லவேளை, ஆசிரியர் அதைப் பற்றி மட்டும் கேட்கவில்லை.

மார்ச் 9, சனி

பதிலைத் தபாலில் போட ஆள் அனுப்பிய நேரத்தில் மாடசாமியே வந்து நிற்கிறான். பெண்டாட்டிக்கு இளைப்பு மருந்து வாங்க. அந்த மருந்தை நான் காசு வாங்காமல்தான் கொடுக்கிறேன், கம்பெனி சாம்பிள். ஒரு சீப்பு மலை வாழைப்பழம் கொண்டுவந்தான். காய்.

“கையப் பாருங்க ஐயா, கொழந்த கை மாரி ஆயிட்டு. ஒங்க புண்ணியம்.”

“எம் புண்ணியந்தாம்ல. மறந்திராத.”

“இந்த வருசம் சாரல் நல்லா உண்டும்னு சொல்லுதாக. சீசன் எடுத்துட்டா கடன அடச்சிருவேன் ஐயா.”

கேட்டுவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. தபாலுக்குப் போன ஆளைக் கூப்பிட்டால் திரும்பியிருப்பான். வெளியே கூட்டம், ஒரு கைக்குழந்தை வேறு கத்திக்கொண்டே இருந்தது. மருந்தைக் கொடுத்து அனுப்பினேன்.

வாங்க வேண்டியது: சவர பிளேடு, அரிசி, கோமதிக்குத் தைலம்.

மே 28, செவ்வாய்

வந்துவிட்டது! என் பெயர், பட்டம், ஊர். தென்காசி என்று இங்கிலீஷில் அச்சில் பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. படம் இரண்டும் அரைப் பக்கம். அந்த மூன்று விரலும் ரேகை ரேகையாகத் தெரிகிறது.

கூடுதல் பிரதிகள் வரவழைத்திருக்கிறேன். நாராயணனுக்கு முதல் பிரதி. “அன்புடன்” என்று எழுதினேன். எழுதும்போது பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் குற்றாலம் போய் லாட்ஜ் மானேஜரிடம் ஒன்று கொடுத்தேன். மெட்ராஸ் டாக்டர்கள் சீசனுக்கு வந்து தங்குகிற லாட்ஜ். முன் ஹாலில் பேப்பர் படிக்கிற மேஜை மேல் போட்டு வைக்கச் சொன்னேன். போட்டிருக்கிறான், நானே பார்த்துவிட்டு வந்தேன்.

ஜூன் 10, திங்கள்

சாரல் ஆரம்பம். மலை தெரியவில்லை. கொடியில் போட்ட வேட்டி காயவே மாட்டேன் என்கிறது.

மெட்ராஸிலிருந்து பேராசிரியர் வந்துவிட்டார். மதுரைப் பதவி யாருக்கு என்று சொல்லக்கூடிய ஆள் இவர்தான். வருஷா வருஷம் வந்து நன்றாக எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டுப் போவார். லாட்ஜ் ஹாலில் பார்த்தேன். பத்திரிகை அவர் மடியில்!

“நீங்கதான் எழுதினதா? நல்லாக் கவனிச்சு எழுதியிருக்கீங்க டாக்டர்.”

வீட்டுக்கு வரும்வரை அதையே சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். வண்டிக்காரன் திரும்பித் திரும்பிப் பார்த்தான்.

ஜூன் 16, ஞாயிறு

காலையில் மாடசாமி. மருந்துக்கு இல்லை.

“ஐயா, லாட்ஜு வாசல்ல போர்டு எழுதி வச்சிருக்காக. ‘விரல் இல்லாத ஆளிடம் எண்ணெய் தேய்க்க வேண்டாம், தொத்து நோய்’னு. மானேசர்ட்ட கேட்டா ஒங்க புஸ்தகத்தக் காட்டுதாரு. எங்கை அதுல இருக்கு ஐயா.”

“இருக்கட்டும். அதுக்கென்ன?”

“வருசக்கணக்கா எங்கிட்ட தேச்ச ஆளுக எல்லாம் தள்ளிப் போறாக. எம் ஈரத்துண்டு மேல பட்டாக்கூட உதறுதாக.”

கையைப் பார்த்து ஆளைத் தெரியாது என்று நினைத்தது தப்புக் கணக்கு. எண்ணெய் தேய்த்துக்கொள்கிறவன் குனிந்து உட்கார்ந்திருப்பான், தேய்க்கிறவன் முகத்தை அவன் எங்கே பார்க்கிறான்? தோளில், மார்பில், காலில் வந்து போகிற கையைத்தான் வருஷம் முழுக்க நினைத்துக்கொண்டிருப்பான் போல. மெட்ராஸ்காரனுக்கு மாடசாமி முகம் தெரியாது, கை தெரியும். நான் ஒரு தடவையும் அவனிடம் தேய்த்துக்கொண்டதில்லை, எனக்கு எப்படித் தெரியும்?

“ஏலே, ஒங்கை மெட்ராஸ் வரைக்கும் போயிருக்கு. ஒங்கப்பன் கை போயிருக்கா?”

“சீசன் விட்டா எனக்கு வேற பொழப்பு இல்ல ஐயா. இப்ப ஒண்ணுமில்லன்னு நீங்க ஒரு வார்த்த சொன்னாப் போதும். மானேசர் போர்டை எடுத்திருவாரு.”

“அச்சுல வந்தத வாயால மாத்த முடியாது. போ.”

போகாமல் நின்றான். கதவைச் சாத்தினேன். ஜன்னல் வழியாகப் பார்த்தால் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே மழையில் போகிறான். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தேன்.

ஜூன் 19, புதன்

அருவிக்கரைக்குப் போனேன். நல்ல தமாஷ். இப்போது எல்லாரையுமே கையைக் காட்டச் சொல்கிறார்கள். எண்ணெய் தேய்க்கிறவர்கள் வரிசையாகக் குந்தி இரண்டு கையையும் நீட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு வக்கீல் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்க்கிறார். “நகத்தக் காட்டு. புறங்கையக் காட்டு.” சந்தையில் மாட்டுக்குப் பல் பார்க்கிற மாதிரிதான்.

என்னைப் பார்த்ததும் அவர்கள் பேச்சு நின்றது. ஒருத்தன் மட்டும் பக்கத்தில் இருந்தவனிடம் சொன்னது காதில் விழுந்தது: “இவரு எழுதினதுதாம்ல.”

புகழ் என்றால் இதுதான்.

ஜூன் 22, சனி

 

பேராசிரியர் ஆள் அனுப்பியிருந்தார். போனேன். வெற்றிலை கூடத் தரவில்லை.

“டாக்டர், அந்தக் கை யாரோடதுன்னு பக்கத்தைத் திருப்பினதுமே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. வருஷா வருஷம் எனக்குத் தேய்க்கிறவன் அவன்தான். அவன்கிட்ட கேட்டுத்தான் போட்டீங்களா?”

“கேட்டேன் சார்.”

“நாளைக்கு அவனையும் கூட்டிட்டு வாங்க. அவன் வாயால கேக்கணும். கேக்காம போட்டிருந்தா நான் பத்திரிகைக்கு எழுத வேண்டி வரும்.”

எழுதினால் மதுரை போச்சு. மதுரை போனால்கூடப் பரவாயில்லை, நாராயணன் சிரிப்பான். அதை என்னால் தாங்க முடியாது.

நேரே மாடசாமி குடிசைக்குப் போனேன். ஓலை ஒழுகுகிறது. அவன் பெண்டாட்டி சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள், விசில் சத்தம் வாசலுக்குக் கேட்கிறது. என்னைப் பார்த்து எழுந்திருக்கப் பார்த்தாள்.

“நாளைக்கி பெரிய டாக்டர் கேப்பாரு. படம் போட நாந்தான் சரின்னேன்னு சொல்லணும்.”

“நீங்க கேக்கவே இல்லயே ஐயா.”

“இவளுக்கு மருந்து யாருல கொடுக்கா?”

அவன் அவளைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்தாள்.

“சொல்லுதேன்.”

ஜூன் 23, ஞாயிறு

ராத்திரி தூக்கம் இல்லை. காலையில் நல்ல சட்டை போட்டுக்கொண்டு போனேன்.

லாட்ஜ் ஹால். பேராசிரியர் நாற்காலியில். மாடசாமி வாசலுக்கு வெளியே, போர்டுக்குப் பக்கத்தில் நின்றான். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை.

“மாடசாமி, டாக்டர் உன் கையைப் படம் போடறேன்னு உங்கிட்ட கேட்டாரா?”

“கேட்டாக.”

“நீ என்ன சொன்னே?”

“போடுங்க ஐயான்னேன்.”

“இப்படி ஆகும்னு உனக்குச் சொன்னாரா?”

இதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை.  மாடசாமி என்னைப் பார்த்தான்.

“எல்லாம் சொன்னாக ஐயா. ஒரு கொறையும் வைக்கல.”

பேராசிரியர் பெருமூச்சு விட்டார். “நீயே சரின்னுட்டே. இனி நான் என்னப்பா செய்ய?” பிறகு என்னிடம் திரும்பி, “மன்னிக்கணும் டாக்டர். உங்களைச் சந்தேகப்பட்டுட்டேன்” என்றார். என்னிடம்! மன்னிப்பு!

அதோடு விடாமல், “இப்ப அவன் கை சுத்தமாத்தானே இருக்கு? இனிமேலும் பரவுமா? நான் அவன்கிட்டயே தேய்ச்சுக்கலாம்னு பாக்கறேன்” என்றார்.

பரவாது என்று ஒரு வார்த்தை. அவன் அதற்குத்தான் காத்திருந்தான், தலையை லேசாகத் தூக்கினான். ஆனால் பரவாது என்றால் கட்டுரையில் ஏன் அப்படி எழுதினேன் என்பார். அதைத் தொட்டால் களிம்பு வரும், ஃபேன் வரும், தை மாதத்து ரத்தம் வரும்.

“ஜாக்கிரதையா இருக்கிறது நல்லது சார்” என்றேன்.

“சரி, வேற ஆளை வரச் சொல்லுங்க” என்றார் பேராசிரியர்.

மாடசாமி கும்பிட்டுவிட்டுப் போனான். அந்தக் கையால் கும்பிட்டால் பார்க்க நன்றாகவே இல்லை.

வரும் வழியில் அல்வா வாங்கினேன். கோமதி சாப்பிடவில்லை. “அவன் வாயாலயே சொல்ல வச்சிட்டீங்களா?” என்றாள். சர்க்கரை வியாதி வரும், சாப்பிடாமல் இருப்பது அவளுக்குத்தான் நல்லது.

ஜூன் 30, ஞாயிறு

சாரல் விடவில்லை. பேராசிரியர் மதுரைக்குச் சிபாரிசுக் கடிதம் எழுதிவிட்டார். உறையில் போட்டு மேஜை மேல் வைத்திருப்பதைக் கண்ணால் பார்த்தேன். நாளைக்குத் தபாலில் போடுகிறாராம். “காலைல வாங்க டாக்டர், சேர்ந்து குளிப்போம், பேசிக்கிட்டே எண்ணெய் தேய்ச்சுக்கலாம்.”

கோட்டுக்கு அளவு கொடுத்துவிட்டு வந்தேன். தையல்காரன் இடுப்புப் பெருத்துவிட்டது என்கிறான். மடையன்.

ஜூலை 1, திங்கள்

அருவியில் நல்ல தண்ணீர். சத்தத்தில் பேசினால் கேட்கவில்லை. பாறையில் துண்டைக் கட்டிக்கொண்டு பேராசிரியரும் நானும் உட்கார்ந்தோம். ஒருத்தன் வந்து அவர் தலையில் எண்ணெய் வைத்தான். நான் அடுத்தவனைக் கூப்பிட்டேன்.

அவன் வந்து இரண்டு கையையும் நீட்டினான். “கையில புண்ணு ஐயா. ஒங்களுக்கு ஒட்டிக்கிடும்.”

கையில் ஒன்றும் இல்லை. கழுவித் துடைத்த கை. அடுத்தவனைக் கூப்பிட்டேன்.

“எனக்கும் புண்ணுதான் ஐயா.”

அடுத்தவன். அதற்கடுத்தவன். வரிசையில் எல்லாரும் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள், ஒருத்தன் கையிலும் ஒரு கீறல் கிடையாது, ஒருத்தனும் எழுந்திருக்கவில்லை. எண்ணெய் என் தலையில் நானே ஊற்றியாகிவிட்டது, முதுகில் வழிகிறது.

பேராசிரியர் கண்ணைத் திறந்தார். “என்னப்பா, டாக்டருக்கு யாரும் தேய்க்கலையா?”

அவருக்குத் தேய்த்துக்கொண்டிருந்தவன் கையை நிறுத்தாமலே சொன்னான்: “புண்ணு ஒட்டும்னு ஐயாதான எழுதியிருக்காக.”

பேராசிரியர் அவன் கையைப் பார்த்தார். வரிசையைப் பார்த்தார். பிறகு என்னை.

அப்போதுதான் மாடசாமி வந்தான். இப்போது குளிக்க வருகிறவர்களின் துணி மூட்டைக்குக் காவல் இருக்கிறானாம். மூட்டையைக் கீழே வைத்துவிட்டு என் முன்னால் வந்து குந்தினான்.

“நான் தேக்கட்டுமா ஐயா?”

கையை நீட்டினான். படத்தில் பார்த்த அதே மூன்று விரல். சுத்தமாக இருந்தது. நக்கலா, நிஜமாகவே கேட்கிறானா, முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பேராசிரியர் பார்த்துக்கொண்டே இருந்தார். இவன் கையை நான் முதுகில் வாங்கினால் ஒட்டாது என்று நானே சொன்னதாக ஆகிவிடும். கடிதம் இன்னும் அவர் மேஜை மேல்தான் இருக்கிறது.

“வேண்டாம்” என்றேன்.

“சரிங்க ஐயா” என்றான். போகவில்லை, அங்கேயே குந்தியிருந்தான். வரிசையில் எல்லாரும் பார்த்தார்கள். எண்ணெய் கண்ணில் இறங்கி எரிந்தது. ஒரு கையைத் தோளுக்கு மேலே விட்டேன், இன்னொரு கையை இடுப்புப் பக்கமாக விட்டேன். நடு முதுகு எட்டவில்லை.